இரண்டு வாசல் ஸ்டேஷன்

மைசூர் ரயில்வே ஸ்டேஷனின் முன்வாசலில், கார்கள் வந்து நிற்கிற வளைவுக்குக் கீழே, ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். மாம்பழ நிறத்தில் சேலை. தலையில் பூ இல்லை. வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்துவிட்டு, வாங்கிய மல்லிகையைக் கைப்பைக்குள்ளேயே போட்டுக் கொண்டுவந்திருந்தேன். பையைத் திறக்கும்போதெல்லாம் கல்யாண வீடு போல மணத்தது. அதனால் திறக்காமலே இருந்தேன்.

இரவெல்லாம் ஓடிவந்த தமிழ்நாட்டு ரயில் வந்துவிட்டதாக ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொன்னது. எந்தப் பிளாட்பாரம் என்றும் சொல்லியிருக்கும். என் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜனம் வெளியே வர ஆரம்பித்தது. நான் ஆண்களின் முகங்களை மட்டும் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயசு, மாநிறம், கையில் மூட்டை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் காட்டியிருந்தார்கள். அது எடுத்துப் பல வருஷம் இருக்கும் என்று படத்திலிருந்த சட்டைக் காலரே சொன்னது.

கூட்டம் வடிந்தது. கடைசியாக ஒரு வயசான தம்பதி, பிறகு ஒரு சிப்பாய், பிறகு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண். அதற்கப்புறம் யாரும் இல்லை. ஆட்டோக்காரர்கள் மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்தார்கள். பெருக்குகிற பெண் என் காலடி வரைக்கும் வந்தாள். நகர்வேனா என்று பார்த்தாள். நகரவில்லை என்றதும் என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.

வரவில்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

பேசி வைத்தது

ஊதுபத்தித் தொழிற்சாலையில் நான் பேக்கிங் பகுதி சூப்பர்வைசர் என்பதை இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற சாவித்திரி கொள்ளேகால்காரி. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, தன் பெரியப்பா மகனைப் பற்றி ஆரம்பித்தாள். பெயர் வேலுச்சாமி. கொள்ளேகாலில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றி, மறுபடி ஓட வைத்துக் கொடுப்பது தொழில். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை.

"அண்ணன் அதிகமாப் பேச மாட்டாருங்கக்கா. ஆனா நம்ம பேசறதக் காது குடுத்துக் கேப்பாரு" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். என் கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் நித்யா இரண்டாம் வகுப்பில் இருந்தாள். இப்போது பி.காம். கடைசி வருஷம். அவளை வளர்க்கிற ஓட்டத்தில் எனக்கென்று ஒன்று தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. தோன்றும்போதெல்லாம் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

சாவித்திரி விடவில்லை. டப்பா திறக்கிற நேரமெல்லாம் அண்ணன் புராணம். ஜோலார்ப்பேட்டையில் இருக்கிற என் தம்பியின் காதுக்கு எப்படியோ விஷயம் எட்டி, பேத்தி எடுக்கிற வயசில் இது என்ன கூத்து என்று ஃபோனில் குதித்தான். அவன் குதித்ததும் எனக்கு வீம்பு வந்தது. ஆனால் வீம்பை நம்பி ஒரு மனுஷரைக் கட்டிக்கொள்ள முடியுமா?

கடைசியில் என்னை அசைத்தது நித்யாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோய்த்த துணியைப் பிழிய இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். "நான் வேலைக்கு பெங்களூர் போயிட்டா நீ யார் கூடம்மா ஜகளா பண்ணுவே?" என்று கேட்டாள். சண்டைக்கு அவள் எப்போதும் கன்னட வார்த்தைதான் சொல்வாள். நான் என் முனையை மட்டும் பலமாக முறுக்கினேன்.

மறுநாள் சாவித்திரியிடம் நம்பர் வாங்கினேன்.

மூன்று தடவை பேசினோம். முதல் தடவை இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. திடீரென்று அவர், "பின்னால ஒரு சத்தம் கேக்குதுங்களே, தண்ணி மோட்டாருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "பேரிங் போயிருச்சுங்க. ஒரு மாசம் தாங்கினாப் பெருசு" என்றார். மாசம் முடிவதற்குள் மோட்டார் நின்றது. பக்கெட்டில் தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது அந்த ஆள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

மூன்றாவது தடவைதான் நேரில் பார்ப்பது என்று முடிவானது. செப்புக்கம்பி வாங்க அவர் சேலம் போகிறார். திரும்பும்போது ரயிலில் மைசூர் வந்து, இங்கிருந்து கொள்ளேகால் பஸ் பிடிக்க வேண்டும். நடுவில் ஸ்டேஷனில் பார்த்து ஒரு காப்பி சாப்பிடலாம். எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் கொஞ்சம் தயங்கினார்.

"நேர்ல பாத்துட்டு வேண்டாம்னு சொல்றது ரெண்டு பேருக்குமே சங்கடமுங்க. எனக்குச் சொல்லவும் வராது, கேட்டுக்கவும் தெம்பில்லீங்க. அதனால ஒண்ணு பண்ணலாங்களா? மனசு ஒப்பலீன்னா வராம இருந்துக்கலாம். வரலீன்னா வேண்டாம்னு அர்த்தம். பொறவு ஃபோன் பண்ணி, ஏன் எதுக்குன்னு ரெண்டு பேரும் கேக்கறதில்லீங்க."

கேட்கக் கௌரவமாக இருந்தது. சரி என்றேன்.

"எங்கீங்க நிக்கட்டும்?"

"ஸ்டேஷன் வாசல்ல."

"சரிங்க. வாசல்லயே நிக்கறனுங்க."

எந்த வாசல் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஸ்டேஷனில் ஒரு வாசல்தான் உண்டு. அதற்குக் காரணம் என் அப்பா.

சின்ன ரயில், பெரிய ரயில்

அப்பா பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் கம்பியை இழுத்து, எந்த ரயில் எந்தப் பாதையில் போக வேண்டுமோ அதில் திருப்பி விடுகிற வேலை. கையில் எப்போதும் கிரீஸும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், யாதவகிரியை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

ஸ்டேஷனுக்கு அழகான முகம் ஒன்று உண்டு. வெளிர் நிறம், மேலே கும்மட்டம், முன்னால் வளைவுகள். அரண்மனைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம் போல இருக்கும். அந்த முகம் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்களுக்குக் காட்டியது முதுகை. கரிக்குவியல், என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற உயரமான குழாய், ஒரு நீளச் சுவர். அம்மா கொடியில் உலர்த்துகிற வெள்ளைத் துணியெல்லாம் சாயங்காலத்துக்குள் எள் தூவின மாதிரி ஆகிவிடும்.

அப்போது ஓடியதெல்லாம் மீட்டர் கேஜ். சின்ன ரயில். நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது பெங்களூரிலிருந்து பெரிய ரயில் வந்தது. ஆனால் நஞ்சன்கூடு வழியாகச் சாமராஜநகர் போகிற பாதை அதற்கப்புறமும் பல வருஷம் சின்னதாகவே இருந்தது. ஒரே ஸ்டேஷனில் இரண்டு அகலத்தில் தண்டவாளம். வெற்றிலைக் கட்டும் வாழைத்தாருமாகச் சின்ன ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பெரிய ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். பெரியவங்க செருப்பும் சின்னப் பசங்க செருப்பும் கலந்து கிடக்கிற வீடு மாதிரி இருக்கு என்பார் அப்பா.

எங்கள் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. யார் எப்போது செங்கல்லைப் பெயர்த்தார்களோ தெரியாது. குனிந்தால் ஓர் ஆள் போகலாம். குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் அதற்குள் நுழைந்து, தண்டவாளங்களைத் தாண்டி, பிளாட்பாரத்தில் கையூன்றி ஏறி, டவுனுக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் மட்டும் போனதில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் ஒரு நாள் அப்படித் தாண்டும்போது, பின்னால் நகர்ந்துகொண்டிருந்த என்ஜினைக் கவனிக்கவில்லை. உயிர் தப்பியது, ஒரு கால் போனது. தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அப்பாவும் ஒருவர். அன்றிலிருந்து எங்களுக்கு அந்த ஓட்டை கிடையாது. வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் நாங்கள் ஏற வேண்டிய ரயில் நின்றுகொண்டிருக்கும். ஆனாலும் சாலையோடு சுற்றிக்கொண்டு, வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு, டவுன் பக்கம் போய், அந்தக் கும்மட்டத்துக்குக் கீழே நுழைந்துதான் ஏற வேண்டும். அம்மா வழியெல்லாம் முணுமுணுப்பாள்.

"ரயிலு நம்ம வூட்டுக்குப் பின்னாடி நிக்கலாம். நாம போறது முன்வாசல் வழியாத்தான்" என்பார் அப்பா. வட ஆற்காட்டுத் தமிழ் அவர் நாக்கை விட்டு இறங்கவே இல்லை.

மண்ணுக்கு அடியில் ஒரு தெரு

பிறகு பிளாட்பாரங்களை இணைத்து நிலத்துக்கு அடியில் சப்வே வந்தது. எங்களுக்கு அது பெரிய அதிசயம். அம்மா முதல் தடவை படி இறங்க மறுத்துவிட்டாள். தலைக்கு மேலே ரயில் ஓடுகிறபோது கீழே எப்படி நடப்பது என்று கேட்டாள். எந்த ரயிலும் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பா அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பாதி வழியில் மேலே கூட்ஸ் ஒன்று நுழைந்துவிட்டது. அம்மா நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ரயில் போன பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா?" என்றாள்.

அந்தச் சப்வேயைப் புரிந்துகொள்ள மீன் முள்ளை நினைத்துக்கொண்டால் போதும். நடுவில் ஒரு நீளமான பாதை. அதிலிருந்து இரண்டு பக்கமும் படிகளும் சரிவுகளும் பிரிந்து மேலே போகும். ஒவ்வொன்றும் ஒரு பிளாட்பாரத்தில் போய் முடியும். வெயில் காலத்திலும் உள்ளே ஜில்லென்றிருக்கும். ஃபினாயில், ஈரச் சுவர், யாரோ உரித்துத் தின்ற ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த வாசனை. ரயில் போகும்போது சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் பல்லில் தெரியும்.

காலப்போக்கில் பிளாட்பாரங்கள் ஆறாயின. மேலே நடைபாலம் வந்தது. கரிக்குவியல் இருந்த பக்கத்துச் சுவரை உடைத்து, டிக்கெட் கவுன்ட்டரோடு ஒரு முறையான பின்வாசலே கட்டினார்கள். சப்வே அது வரைக்கும் நீண்டது. அதற்குள் அப்பா ரிட்டையராகி, காலமாகியும் விட்டார். நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு ஊரின் இன்னொரு மூலைக்கு வந்துவிட்டோம். பின்வாசல் திறந்ததைப் பேப்பரில் படித்ததோடு சரி. அந்தப் பக்கம் போக எனக்கு வேலையே வரவில்லை.

ஆறாவதில் வந்த ரயில்

தூணை ஒட்டி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெயில் வளைவைத் தாண்டி என் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது.

தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. சேலையைக் குனிந்து பார்த்தேன். இந்த நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னது நித்யா. அவள் மேல் கோபம் வந்தது. பிறகு சாவித்திரி மேல். அவர் மேல் வரவில்லை. அவர் பேச்சு மாறவில்லையே. வேண்டாமென்றால் வராமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இது இன்றோடு முடிந்தால், இனிமேல் இன்னொரு தடவை இப்படிச் சேலை கட்டிக்கொண்டு எங்கேயும் போய் நிற்க மாட்டேன். அதற்கு என்னிடம் மிச்சம் இல்லை.

ஆட்டோ பக்கம் நடந்தேன். வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த போர்ட்டர் ஒருவர், ரொம்ப நேரமாக நிற்கிறீர்களே, யாரைக் கூப்பிட வந்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். தமிழ்நாட்டு வண்டி என்றேன். அது இன்றைக்கு ஆறாவதில் அல்லவா வந்தது, அதில் வந்தவர்கள் பாதிப் பேர் பின்பக்கமாகவே போய்விட்டிருப்பார்களே என்றார்.

பின்பக்கம்.

நின்றுவிட்டேன். ஊருக்குப் புதிய ஆள். ஆறாவது பிளாட்பாரத்தில் இறங்குகிறார். எதிரே கொட்டை எழுத்தில் வெளியே போகும் வழி என்று அம்புக்குறி. கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறார். வெளியே வந்தால் டிக்கெட் கவுன்ட்டர், ஆட்டோ ஸ்டாண்டு, வாசல். அவருக்கு அதுதான் ஸ்டேஷன் வாசல். வேறென்ன நினைப்பார்?

ஆனால் அவர் வராமலே இருந்திருக்கலாமே. வராத ஆளைத் தேடிக்கொண்டு போவது அசிங்கமில்லையா? கொஞ்ச நேரம் அங்கேயே நின்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஃபோன் பண்ணிக் கேட்கக் கூடாது என்றுதான் பேச்சு. போய்ப் பார்க்கக் கூடாது என்று பேச்சில்லை.

பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு சப்வேயில் இறங்கினேன்.

பெங்களூர் வண்டி ஏதோ வந்திருந்தது போல. கூட்டம் மொத்தமும் எதிரே வந்தது. சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். யாருடைய பெட்டியோ முழங்காலில் இடித்தது. வருகிற முகங்களை ஒன்று விடாமல் பார்த்தேன். காலர் பெரிதாக வைத்த சட்டையைத் தேடினேன் என்றால் சிரிப்பீர்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று படிக்கட்டுகள் பிரிந்துகொண்டே போயின. கடைசியில் படி ஏறியதும் முகத்தில் வெளிச்சம்.

பின்வாசல்

விசாலமான இடம். புதுத் தரை. ஓரத்தில் மரங்கள். நாலைந்து ஆட்டோக்கள். காத்திருக்கிற மாதிரி ஒருவரும் இல்லை.

எங்கள் சுவர் எங்கே இருந்தது என்று பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. கரிக்குவியல் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன.

ஆட்டோக்காரர் ஒருவரிடம், கனமான மூட்டையோடு யாராவது இங்கே நின்றார்களா என்று கேட்டேன். சவாரி வராத காலைப் பொழுது. அவருக்குச் சொல்ல நேரம் இருந்தது, பார்க்கவும் நேரம் இருந்திருக்கிறது.

நின்றார் என்றார். அதோ அந்தக் கம்பத்தடியில், மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். சேலை கட்டின பெண் யார் வந்தாலும் எழுந்து நின்றார். அவர்கள் தாண்டிப் போனதும் உட்கார்ந்தார். எங்கே போகணும் என்று நானே இரண்டு தடவை கேட்டேன் அம்மா. ஒருத்தருக்காக நிற்கிறேன் என்றார். கடைசியில், இந்த ஸ்டேஷனுக்கு வேறு வாசல் உண்டா என்று கேட்டார். முன்னால் இருக்கிறதே, அதுதானே பெரிய வாசல் என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தில் ஏறிப் போனார்.

எனக்காக ஒருவர் எழுந்து எழுந்து நின்றிருக்கிறார். ஊரில் போகிற வருகிற பெண்கள் எல்லோருக்காகவும் நின்றிருக்கிறார்.

எப்போது போனார் என்று கேட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும் என்றார்.

நான் கீழே வந்துகொண்டிருந்தபோது அவர் என் தலைக்கு மேலே போயிருக்கிறார். இப்போது முன்வாசலில் என்னைக் காணாமல், வேண்டாமென்று முடிவு கட்டி, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டால்?

மேலே பாருங்க

மறுபடி சப்வேக்குள் ஓடினேன். இந்த வயசில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பேச்சாவது ஒன்றாவது என்று ஃபோனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். அழைப்பு போகவில்லை. மண்ணுக்கு அடியில் சிக்னல் இல்லை. பக்கத்தில் எந்தப் படிக்கட்டு இருந்ததோ அதில் ஏறி ஒரு பிளாட்பாரத்துக்கு வந்து மறுபடி அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். மூச்சு வாங்கியது. "சொல்லுங்க" என்றார்.

"எங்க இருக்கீங்க?"

"நீங்க வந்தீங்களா?" என்றார் பதிலுக்கு.

"அப்பவே வந்தேன். முன்வாசல்ல நின்னேன்."



"நான் பின்னால நின்னனுங்க. பொறவு முன்னால போய்ப் பாத்தேன். யாருமில்லீங்க. சரி, நமக்கு விதிச்சது அவ்வளவுதான்னு..." நிறுத்திக்கொண்டார். "ஆனாலும் மனசு கேக்கலீங்க. எதுக்கும் பின்னால இன்னொருக்காப் பாத்துட்டுப் பஸ்ஸுக்குப் போலாம்னு திரும்பி வந்துட்டிருக்கறனுங்க."

"எது வழியா?"

"பாலத்து மேலீங்க. நீங்க?"

"பிளாட்பாரத்துல."

"எத்தனாவதுங்க?"

எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பலகையைப் பார்த்தேன். "நாலு."

"மஞ்சச் சேலைங்களா?"

சுற்றிலும் பார்த்தேன்.

"மேல பாருங்க" என்றார்.

பாலத்துக் கம்பிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு காதில் ஃபோன், மற்றத் தோளில் மூட்டை. போட்டோவில் இருந்ததை விட முடி குறைவு. நான் கையை உயர்த்தினேன். அவருக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. தலையை ஆட்டினார்.

"அங்கயே இருங்க, நான் எறங்கி வர்றனுங்க."

"வேண்டாம், மூட்டையோட எதுக்கு? நான் ஏறி வரேன்."

"இல்லீங்க, படி ஜாஸ்தீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் நகர ஆரம்பித்தார். நானும் நகர்ந்தேன். பாலத்திலிருந்து பிளாட்பாரத்துக்கு இரண்டு பக்கமும் படி. அவர் போனது ஒன்றுக்கு, நான் போனது மற்றதற்கு. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"யாராவது ஒருத்தர் நிக்கணும்" என்றேன். குரல் உடைந்தது.

அவர் நின்றார். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். "அப்ப நான் நிக்கறனுங்க. நீங்க வாங்க."

ஏறினேன். ஃபோனை அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு படிக்கும் என் மூச்சு அவர் காதில் கேட்டிருக்கும்.

மேலே போனதும் கும்பிடுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் மோவாயில் பிளேடு கீறிய தடம். ஓடுகிற ரயிலில் சவரம் பண்ணியிருக்கிறார். நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையால் மறைத்துக்கொண்டார்.

காப்பியை மறந்துவிட்டோம். பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டே நெடுநேரம் பேசினோம். கீழே ரயில்கள் வந்தன, போயின. எனக்குச் சர்க்கரை ஆரம்பித்திருப்பதைச் சொன்னேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தும் ராகி முத்தைக் களியைக் கட்டி தட்டாமல் கிண்ட வராது என்பதையும் சொன்னேன். தான் தூக்கத்தில் குறட்டை விடுவதாகவும், சாவித்திரி அதை மறைத்திருப்பாள் என்றும் அவர் சொன்னார். இறந்துபோன மனைவியைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. என் தம்பி குதித்ததைச் சொன்னதும், தம்பி என்றால் அப்படித்தான் இருப்பார் என்றார்.

நித்யாவைப் பற்றி நானாகத்தான் எடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவங்களுக்கு நான் என்ன மொறைன்னு அவங்களே சொல்லட்டுங்க. எத்தன நாளானாலும் செரி. நானாக் கேக்க மாட்டேன்."

கொள்ளேகால் பஸ்

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். வந்த பஸ்ஸையெல்லாம் கூட்டமாக இருக்கிறது என்று விட்டார். காலியாக வந்ததையும் விட்டார். கடைசியில் நானே ஏறச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, கம்பி வழியாகக் குனிந்தார்.

"நம்ம பேச்ச மாத்திக்கலாமுங்களா?"

"எந்தப் பேச்சு?"

"வரலீன்னா வேண்டாம்னு அர்த்தம்னு சொன்னனுங்களே. அது சரியா வராதுங்க. வரலீன்னா, தேடிட்டு வரோணும்."

சரி என்றேன். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் சொன்னது கேட்டதோ இல்லையோ, தெரு திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் தலை தெரிந்தது.

தை பிறந்ததும் நஞ்சன்கூட்டில் மாலை மாற்றிக்கொண்டோம். குதித்த தம்பி குடும்பத்தோடு வந்து, சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டான். கொள்ளேகால் கடையை உடனே விட முடியவில்லை. கொஞ்ச காலம் சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிகாலை போனார். இப்போது எங்கள் வீட்டுத் தெருமுனையிலேயே கடை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று பஸ் போன பிறகுதான் எனக்கு நித்யாவின் ஞாபகமே வந்தது. ஃபோனை எடுத்துப் பார்த்தேன். பேச்சு மும்முரத்தில் கவனிக்காத அழைப்புகள், திரை நிறைய. எல்லாம் அவளுடையது.

கூப்பிட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்தாள். "பந்த்ரா?" என்றாள். பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

"வந்தார்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"நீ காலேஜுக்குப் போகலையா?"

"எப்படிம்மா போறது? நீ போனதுலேர்ந்து பையை மாட்டிக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள். "ஆட்டோ புடிச்சு சீக்கிரம் வா. தோசை ஊத்தறேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லணும்."